சிவப்பு டப்பா

பர்கூர் தாண்டி மூன்றாவது யார்டு எங்களுடையது.
கறுப்புக் கல் அறுக்கிறோம்.
ஜப்பான் போகிற கல் எதற்கென்று
எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.
பேக்கிங் லிஸ்டில் மெமோரியல்,
ஷெட்டில் ஜப்பான் பீஸ்,
முதலாளி பெருமாளப்பன் வாயில் வெறும் 'அது'.
வெள்ளிக்கிழமைகளில் அதுவும் கிடையாது.

ஓகுமுரா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

ஓசூரில் இரண்டு வருடம், ஞாயிறு ஞாயிறாக
நான் படித்த ஜப்பானிய மொழி
கண்டெய்னர் எண்ணுக்கும் மழை வெயிலுக்கும் போதும்.
முந்தின நாளே சொல்லி வைத்தேன்:
கார்டை ரெண்டு கையாலும் வாங்கணும் சார்,
வாங்கினதும் பாக்கெட்டில் சொருகக் கூடாது.
சொருகவில்லை.
கண்ணில் ஒற்றிக்கொண்டு
நேரே போய்ப் பெருமாள் படத்துக்கு முன்
சூடத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
ஓகுமுரா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

கல்லின் மேல் தண்ணீர் தெளித்து
அது காயும் வரை நின்றார் ஓகுமுரா.
விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார்.
விலைப் பேச்சு வந்ததும்
"யோசிக்கிறோம்" என்றார்.
"பார்க்கலாம்" என்றார் முதலாளி.
இரண்டுக்கும் அர்த்தம் முடியாது.
மற்றவர் சம்மதித்துவிட்டதாக நினைத்து
இருவரும் சிரித்தார்கள்,
நடுவில் நானும்.

மாதிரிக்கு ஒரு பேர் வெட்டி வைடா என்று
திம்மராயனிடம் சொல்லியிருந்தார்.
யார் பேர் என்று சொல்லவில்லை.
அந்த எழுத்தில் ஒன்றும் அவனுக்குப் படிக்க வராது.
ஃபைல் வரும், மெஷினில் போடுவான், அவ்வளவுதான்.
ஃபைல் வரவில்லை.
சாமி படத்துக்கு முன் இருந்த கார்டைப்
போனில் படம் பிடித்துக்கொண்டு போனான்,
வந்தவருக்கு ஒரு மரியாதை என்று.

சாப்பாட்டுக்குப் பிறகு தார்ப்பாயை விலக்கினான்.

சாண் உயரத்தில் இரண்டு எழுத்து:
ஓகுமுரா.

கரண்ட் போனதோ யாராவது நிறுத்தினார்களோ
வாள் நின்றுவிட்டது.
"எலுமிச்சம்பழம் எடுத்து வா" என்றார் முதலாளி
யாரிடம் என்று தெரியாமல்.
மன்னிப்புக் கேட்கப் பதினேழு விதம் மனப்பாடம் எனக்கு.
உயிரோடிருக்கும் வாடிக்கையாளரின் பெயரை
அதில் வெட்டிவிட்டால் என்ன சொல்வதென்று
எந்தப் பாடத்திலும் இல்லை.

அவர் மண்டியிட்டார்.
வெட்டிய கோட்டுக்குள் விரலை ஓட்டினார்.
"இந்த முனையில் கொக்கி வரணும்."
பிறகு,
"சிவப்பு இருக்கிறதா?"

எங்கள் யார்டில் சிவப்பு ஒன்றுக்குத்தான்.
விரிசல் கண்ட பலகைமேல் பெருக்கல் குறி.
"போச்சு" என்றார் முதலாளி.
டப்பாவைத் தன் கணக்கு முடித்த சீட்டு மாதிரி
ஏந்தி வந்தான் திம்மராயன்.

பிரஷ் எல்லாம் தடி.
காது குடையும் பட்ஸ் கேட்டு வாங்கினார்.
கோட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு இறங்கியது.
மனைவி, பக்கத்தில், இன்னும்:
எனக்குப் பிடிபட்ட வார்த்தைகள் இவ்வளவுதான்.
மீதியை அவர் கை சொல்லிற்று.
ஊரில் மனைவியின் கல்லிலேயே
இவர் பெயரும் வெட்டியாயிற்று.
இருக்கிறவர் பெயருக்குச் சிவப்பு.
போன பிறகு சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

"எத்தனை வருஷமாச்சாம்?"
கேட்டுச் சொன்னேன். நாலு.
"ச்சு" என்றார் முதலாளி.
அதற்கு மொழிபெயர்ப்பு கேட்கவில்லை ஓகுமுரா.

ஆர்டர் வந்தது, அவர் விலைக்கு.
நாற்பது செட்டில் பதினொன்றை
முடியளவு கோட்டுக்குப் படமெடுத்து
வேண்டாமென்று எழுதினார்.
பார்க்கலாம் என்றால் என்னவென்று
தனியே ஒரு மெயில் போட்டேன்.
யோசிக்கிறோம் என்று பதில் வந்தது.

இப்போதெல்லாம் விரிசலுக்கு
மஞ்சளில் குறி போடுகிறான் திம்மராயன்.
அவனிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் கண்டெய்னரிலேயே அந்தக் கல்லும் போயிற்று.
கொக்கி சரிசெய்து, வைக்கோல் சுற்றி.
கஸ்டம்ஸ் கேட்கிறபடி
இன்வாய்ஸின் கடைசி வரியில் அடித்தேன்:
மாதிரி, ஒன்று. வணிக மதிப்பு இல்லை.